சாவி வாங்கி மூன்றரை ஆண்டு, மேல்தளம் ஒழுகுகிறது: செலவு யாருடையது?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் 36 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கிறோம். சாவி வாங்கி மூன்றரை ஆண்டு ஆகிறது. சென்ற மழைக்காலத்திலிருந்து கூரையில் ஓதம். பூச்சு உதிர்கிறது, ஓரிடத்தில் கம்பி தெரிகிறது. ஒப்பந்தத்தில் ஓராண்டு உத்தரவாதம் மட்டுமே உள்ளது என்று பில்டர் கைவிரிக்கிறார். வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியில் எடுத்த இன்சூரன்சில் பணம் கேட்கலாமா?

பதில்: பில்டர் சொல்லும் ஓராண்டுக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன் பிரிவு 14(3), வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் என்கிறது. அதற்குள் கட்டமைப்புக் குறையோ, வேலைத்தரக் குறையோ சுட்டிக்காட்டப்பட்டால், பில்டர் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்தாக வேண்டும், தவறினால் இழப்பீடு. ஒப்பந்தத்தில் ஓராண்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் சட்டம் தரும் உரிமை போய்விடாது. வீட்டை முதலில் வாங்கியவரிடமிருந்து நீங்கள் வாங்கியிருந்தாலும் இந்த உரிமை உங்களுக்கு உண்டு. வாடகைக்கு இருப்பவருக்குத்தான் இல்லை.

ஐந்தாண்டுக்குள் குறையை பில்டருக்குத் 'தெரிவிக்க' வேண்டும் என்பதே சட்டத்தின் நிபந்தனை. அவருடைய மேலாளரிடம் போனில் பத்து முறை புலம்பியதை நாளை நிரூபிக்க முடியாது. எனவே இந்த வாரமே எழுத்தில் கொடுங்கள்: ஒப்புகையுடன் விரைவு அஞ்சல், கூடவே மின்னஞ்சல். எந்த அறை, எப்போது கண்டது என்று தேதியிட்ட படங்களோடு எழுதுங்கள். கம்பி தெரிவதால் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து அறிக்கை வாங்குவது அவசியம். அந்தச் செலவைப் பார்த்துத் தயங்காதீர்கள். 'நீங்கள் சுவரை இடித்ததால் வந்தது' என்று பில்டர் சொல்லும்போது கைகொடுப்பது அந்த அறிக்கைதான். ஆபத்தான பூச்சைத் தட்டிவிடலாம். முழுப் பழுதையும் நீங்களே பார்ப்பதானால், அறிக்கை கைக்கு வந்த பிறகு செய்யுங்கள்.

மொட்டைமாடி பொதுப்பகுதி. ஆகவே உரிமையாளர் சங்கத்தின் பெயரிலும் ஒரு கடிதம் போகட்டும். கீழ்த்தளத்தார் 'எங்களுக்கு ஒழுகவில்லையே' என்பார்கள்; அந்தக் கூரை அவர்களுக்கும் உரியது என்பதை நினைவூட்டுங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். பலர் சறுக்கும் இடம் இது: பழுது பார்க்க உத்தரவு வேண்டுமென்றால் ஆணையத்திடம், இழப்பீடு வேண்டுமென்றால் அங்கேயே உள்ள தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம். இரண்டுக்கும் தனித்தனி மனு. நுகர்வோர் ஆணையமும் திறந்த வழிதான், 2020-இல் உச்ச நீதிமன்றமே அதை உறுதி செய்தது. ஆனால் அங்கே இரண்டாண்டு காலவரம்பு ஓடும்.

இனி இன்சூரன்ஸ். வங்கியில் எடுத்த பாலிசியை எடுத்து ஒருமுறை படியுங்கள். பெரும்பாலும் அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாகவே இருக்கும். கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையான வீட்டுக் காப்பீடாக இருந்தாலும் உங்கள் கூரைக்கு உதவாது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த்தொட்டி உடைவது போன்றவற்றுக்கானது. மட்டமான வேலையால் மெல்லக் கசிவது அந்தப் பட்டியலில் வராது. நிலம் அமிழ்வதற்கான பகுதியில்கூட, புதுக்கட்டடம் அமர்வதால் வரும் சாதாரண விரிசலை விலக்கியே வைத்திருக்கிறார்கள். பில்டர் கட்டுமானக் காலத்தில் எடுத்த காப்பீடும் உங்களைக் காக்காது.

அதற்காக அந்தப் பாலிசியே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். மேடவாக்கம் பக்கம் இருப்பவருக்கு வெள்ளக் காப்பீடு வீண்செலவல்ல. எடுக்கும்போது வீட்டின் சந்தை விலையைக் குறிப்பிடாமல், திரும்பக் கட்ட ஆகும் செலவை மட்டும் குறிப்பிடுங்கள். மனை விலைக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டுவோர் ஏராளம்.

கடிதம் போனதும் பில்டர் ஓர் ஆளை அனுப்பி, மொட்டைமாடியில் வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டு, 'குறைகள் அனைத்தும் திருப்திகரமாகச் சரிசெய்யப்பட்டன' என்ற தாளை நீட்டக்கூடும். அதில் கையெழுத்திடாதீர்கள். 'இன்ன தேதியில் இன்ன வேலை நடந்தது. பலன் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகே தெரியும்' என்று நீங்களே எழுதிக் கொடுத்து, நகலில் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.