லண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம், விமானத்தில் எவ்வளவு நேரமாகும்?

நேர்கோட்டில் சுமார் 344 கிலோமீட்டர். டிக்கெட்டில் 1 மணி 15 அல்லது 20 நிமிடம் என்று இருக்கும். பாரிஸ் நேரம் லண்டனுக்கு ஒரு மணித்தியாலம் முன்னால் என்பதால், காலை 7:15க்குக் கிளம்பும் விமானம் 9:35க்கு இறங்குவதாகக் காட்டும்.

நீங்கள் ஏதோ அவசரத்துக்குத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

2023 மாசியில் பாரிஸில் மாமா தவறிவிட்டார். அம்மாவுக்கு ஒரே தம்பி. 11 மணிக்குக் கிரியை, 12:30க்குப் பெட்டி எடுப்பார்கள் என்றார்கள். அந்த 1 மணி 20 நிமிடத்தை நம்பி விமானத்தில் டிக்கெட் போட்டேன். லண்டன் ஈஸ்ட்ஹாமில் வீட்டை விட்டது விடிய 3:30க்கு. விமானம் ஒரு மணித்தியாலம் தாமதம். பாரிஸின் சார்ள்ஸ் து கோல் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் வரிசை ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் அப்போது முத்திரை குத்தினார்கள் அல்லவா, அந்த வரிசை. அம்மா வாய்க்கரிசிக்கு ஒரு பிடி அரிசியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். வரிசை முழுக்க அந்த முடிச்சைத் தடவிக்கொண்டே நின்றார். அங்கிருந்து நகருக்குள் ரயில் அரை மணித்தியாலத்துக்கு மேல். மண்டப வாசலுக்குப் போனபோது பாரிஸ் நேரம் 1:15. பெட்டி போய்விட்டது. வீட்டிலிருந்து கணக்குப் பார்த்தால் எட்டே முக்கால் மணித்தியாலம்.

உடனே சிலர் வருவார்கள், "நான் வாராவாரம் போகிறேன், மூன்றரை மணியில் வீட்டுக்கு வீடு" என்று. தோளில் ஒரு பையோடு தனியே போகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். நான் சொல்வது 71 வயது முழங்கால்களோடு போகிறவர்களுக்கு. கடைசி நேரத்தில் லண்டன்-பாரிஸ் ரயில் டிக்கெட் விலை ஏறிவிடும் என்பதும் தெரியும். அன்று நானும் அதைப் பார்த்துத்தான் விமானத்துக்குப் போனேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "லைவில் பார்த்திருக்கலாமே, ஏன் இவ்வளவு அலைச்சல்" என்று உறவுக்காரப் பிள்ளை ஒருவர் அம்மாவின் முகத்துக்கு நேரே கேட்டார். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை போன் திரையில் பார்த்து அனுப்பிவிட வேண்டுமாம். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

31ஆம் நாளுக்கு அந்த ரயிலில், யூரோஸ்டாரில் போனோம். லண்டனில் ஏறும் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சுப் பொலிஸ் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடும், பாரிஸில் இறங்கினால் வரிசை கிடையாது. ஒன்றேகால் மணித்தியாலம் முன்னதாகப் போய் நின்றோம், ரயிலில் 2 மணி 20 நிமிடம். பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் இறங்கி, பக்கத்தில் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பல் வரை அம்மா மெதுவாக நடந்தே வந்தார். அந்தக் கைக்குட்டை அப்போதும் அவர் பையில்தான் இருந்தது, முடிச்சு அவிழ்க்காமல்.