வாசகர் கேள்வி–பதில்: வெளிநாட்டில் சொகுசு கார் வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: சார், நான் வாங்க நினைக்கும் பெரிய செடான் ஜெர்மனியில் நம் ஷோரூம் விலையில் பாதிக்குத்தான் கிடைக்கிறது. கப்பல் செலவைச் சேர்த்தாலும் லாபம்தானே?

கப்பல் செலவு இதில் சின்னச் செலவு. கணக்கைப் புரட்டிப் போடுவது வரி, அதிலும் வரிக்கு மேல் வரி. பெரும்பாலான நாடுகளில் காரின் விலைக்கு மட்டும் சுங்க வரி போடுவதில்லை. கார் விலை, கப்பல் கட்டணம், வழிக்கான இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி, வரும் தொகைக்குப் போடுகிறார்கள். அப்புறம் வாட், ஜிஎஸ்டி மாதிரியான வரி, சுங்க வரியையும் சேர்த்த தொகைக்கு மேல் வந்து உட்காரும்.

ஒரு பேச்சுக்குக் கார் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்கும் இன்சூரன்ஸுக்கும் 10, ஆக 110. சுங்க வரி 50 சதவீதம் என்றால் அது 55, மொத்தம் 165. அதற்கு மேல் 20 சதவீத வாட் என்றால் 33, ஆக 198. பாதி விலைக்குக் கிடைத்த கார் முழு விலைக்கு வந்துவிட்டது பாருங்கள், இன்னும் பதிவுக் கட்டணம், எஞ்சின் அளவுக்கோ புகை அளவுக்கோ போடும் தனி வரி, துறைமுகச் செலவு எதுவும் இதில் இல்லை. உங்கள் நாட்டின் சதவீதங்களைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், அரை மணி நேர வேலைதான்.

உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. ஜெர்மனியில் விளம்பர விலைக்குள் 19 சதவீத வாட் அடங்கியிருக்கும், கார் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போனதற்குச் சான்று காட்டினால் அதைத் திரும்பப் பெற வழியுண்டு. ஆனால் செகண்ட் ஹேண்ட் காரில் கவனம் தேவை. தனி ஆளிடம் வாங்கி டீலர் மறுபடி விற்கும் கார்களில் டீலரின் லாபத்துக்கு மட்டும்தான் வரி கட்டுவார்கள், பில்லில் வாட் தனியாக இருக்காது, திரும்பியும் கிடைக்காது. ஒரே மாதிரி இரண்டு கார், ஒரே விலை, ஆனால் ஒன்றில் வாட் திரும்பும், இன்னொன்றில் திரும்பாது. முன்பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்லில் விலையைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் வாங்கவே வேண்டாம். பில்லில் சந்தேகம் வந்தால் சுங்க அதிகாரிகள் அதைத் தள்ளிவிட்டுத் தாங்களே மதிப்புப் போடலாம், பொய் என்று தெரிந்தால் அபராதம், காரே பறிமுதல்.

கேள்வி: முதலில் காரை முடித்துவிடுங்கள், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். சரிதானா?

சரியே இல்லை. இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: வேலையை உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் ஆரம்பியுங்கள், விற்பவரிடம் கடைசியாகப் போங்கள். கமிஷன் வாங்குபவருக்குக் கார் கப்பலேறினால் வேலை முடிந்தது. பதிவு செய்ய முடியாத கார் வந்து நின்றால் அதைத் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது, ஒன்றும் செய்ய முடியாவிட்டால் அதை நொறுக்கிப் போடும் செலவும் உங்களுடையதே.

வயது விதி ஒன்றே போதும் ஆளைக் கவிழ்க்க. அமெரிக்காவில் அந்த நாட்டுப் பாதுகாப்பு விதிப்படி தயாரிக்காத கார் 25 வயது தாண்டினால் உள்ளே வரலாம், கனடாவில் 15. இந்தியாவில் நேர் எதிர், பழைய கார் என்றால் தயாரித்து 3 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஒரு நாட்டில் புதிதாக இருப்பது தடை, இன்னொன்றில் பழையதாக இருப்பது தடை. அதனால் 'என் நண்பன் கொண்டுவந்தான்' என்பதை நம்பி இறங்காதீர்கள், அந்த நண்பர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பாருங்கள்.

பணம் இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு போர்ஷே 959 என்ற ஸ்போர்ட்ஸ் காரின் கதையைச் சொல்ல வேண்டும். அந்த மாடலை அமெரிக்காவின் மோதல் சோதனைக்குக் கம்பெனி கொடுக்கவில்லை, அதனால் அங்கே ஓட்ட அனுமதி இல்லை. பில் கேட்ஸ் வாங்கிய 959 பல வருடம் சுங்கத் துறையின் பிடியிலேயே கிடந்தது. 1999இல் அரிய கார்களுக்கென்று தனி விதி வந்த பிறகுதான் இப்படிப்பட்ட கார்களுக்கு வழி பிறந்தது, அதிலும் வருடத்துக்கு 2,500 மைல் என்று வரம்பு. பில் கேட்ஸுக்கே அந்த நிலை.

காரைப் பார்க்கப் போகும்போது ஹெட்லைட் கண்ணாடியைக் குனிந்து பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் பொறித்திருந்தால் அந்த விளக்கு ஐ.நா. விதிமுறைப்படி ஒப்புதல் பெற்றது, எண் 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த காரில் அந்த முத்திரை இல்லாமல் இருக்கலாம், பின்பக்க இண்டிகேட்டர் சிவப்பாகவே மின்னலாம். பல நாடுகளில் அது மஞ்சளாக மின்னியாக வேண்டும். இதற்காக விளக்கு, வயரிங், கன்ட்ரோல் யூனிட் மூன்றையும் மாற்ற வேண்டி வந்தால், சொகுசு காரில் ஒரு ஹெட்லைட் விலையே தலை சுற்ற வைக்கும். சாலையில் ஓட்டும் பக்கம் வலது இடதாக மாறினால் ஹெட்லைட் வெளிச்சம் விழும் பக்கமும் மாறும், எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், கார் சோதனையில் நிச்சயம் தோற்கும்.

ஐரோப்பியக் கார் என்றால், அது அங்கே ஒப்புதல் பெற்ற விதிமுறைப்படி செய்ததுதான் என்று தயாரிப்பாளர் தரும் இணக்கச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் பல நாடுகளில் பாதி வேலை முடியும்.

கேள்வி: நேரில் போகாமல் போட்டோ பார்த்து செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? விலை நம்பவே முடியாத அளவுக்குக் குறைவு.

விலை ஏன் குறைவு என்று தெரியாதவரை வாங்காதீர்கள். அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கிய, விபத்தில் நொறுங்கிய கார்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முழுப் பணம் கொடுத்துவிட்டு வண்டியை ஏலத்தில் விடும். அதன் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று முத்திரை இருக்கும். அது வேறு நாட்டுக்குப் போய் டிங்கரிங், பெயின்ட் முடிந்து மறுபடி விற்பனைக்கு வரும்போது முத்திரை போட்ட பத்திரம் உங்கள் கண்ணில் படாது. அதனால் கார் இப்போது நிற்கும் நாட்டின் வரலாறு மட்டும் போதாது, பிறந்த நாட்டிலிருந்து தேட வேண்டும். 17 எழுத்து-எண் கொண்ட சேஸிஸ் நம்பரை வாங்கி (அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது, வந்தால் எங்கோ தப்பு) காசு கொடுத்து அறிக்கை எடுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, கதவுத் தூணில், பாடியில், பத்திரத்தில் எல்லா இடத்திலும் ஒரே நம்பர்தானா என்று வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.

ஜப்பானிய ஏலக் கார் என்றால் ஏலத் தாளின் (ஏலத்தில் காரைச் சோதித்துத் தரம் போட்டு எழுதும் அறிக்கை) மூலப் பிரதியைக் கேளுங்கள். தரக் குறியீட்டில் 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' இருந்தால் அது விபத்துக்குப் பின் பழுது பார்த்த கார். ஓடிய கிலோமீட்டரும் அதிலேயே இருக்கும், விற்பவர் சொல்வதோடு ஒத்துப் பாருங்கள். பிரிட்டனில் வேறு ஒரு சிக்கல். வி5சி என்ற பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் உரிமையாளர் என்று அர்த்தமில்லை, அது பதிவுப் பொறுப்பாளரை மட்டும்தான் சொல்கிறது. தவணை பாக்கி இருந்தால் அந்தக் கார், கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியுடையது. கடன் இருக்கிறதா என்று தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

இதையெல்லாம் முடித்த பிறகும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அனுப்பிப் பாருங்கள். இந்தச் செலவில் கை இறுக்கவே கூடாது.

கேள்வி: கன்டெய்னரா, ரோ-ரோ கப்பலா? இன்சூரன்ஸ் அவசியமா?

ரோ-ரோ என்றால் காரை ஓட்டிக்கொண்டே கப்பலுக்குள் ஏற்றி, அங்கே போய் ஓட்டியே இறக்குவார்கள். பொதுவாகச் செலவு குறைவு, ஆனால் பல கைகள் சாவியைத் தொடும், உள்ளே சொந்தச் சாமான் வைக்க விடமாட்டார்கள். தரை உயரம் மிகக் குறைவான, விலை மிக அதிகமான கார் என்றால் கன்டெய்னர்தான் என் தேர்வு, அதுவும் காரை உள்ளே கட்டி முடித்து சீல் வைக்கும்வரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் அனுப்புபவர்கள் அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் மண் துகள் இல்லாமல் கழுவி அனுப்ப வேண்டும். பூச்சி, விதை விஷயத்தில் அவர்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இன்சூரன்ஸ் கண்டிப்பாக வேண்டும். 2022 பிப்ரவரியில் 'ஃபெலிசிட்டி ஏஸ்' என்ற கப்பல் ஏறத்தாழ 4,000 கார்களோடு அட்லான்டிக்கில் தீப்பிடித்து, மார்ச் 1ஆம் தேதி அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே மூழ்கியது. போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி எல்லாம் அதில் இருந்தன. மாலுமிகள் 22 பேரும் பிழைத்தார்கள், கார்கள் கடலுக்கு அடியில் போய்விட்டன.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கப்பலைக் காப்பாற்றக் கொஞ்சம் சரக்கைக் கடலில் தள்ள வேண்டி வந்தாலோ, மீட்புக்குப் பெருஞ்செலவு ஆனாலோ, அந்த நஷ்டத்தைக் கப்பல் முதலாளியும் சரக்குக்காரர்கள் எல்லோரும் மதிப்புக்கேற்பப் பங்கு போட்டுக்கொள்வது பழங்காலத்திலிருந்து வரும் கடல் வழக்கம். உங்கள் கார் ஒரு கீறல் இல்லாமல் வந்திருக்கலாம், ஆனால் உங்கள் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் கையில் தருவார்கள். முறையான கடல் இன்சூரன்ஸ் இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியே பார்த்துக்கொள்ளும், இல்லையென்றால் நீங்களே ரொக்கமாகக் கட்டணும். பாலிசி எடுக்கும்போது 'கப்பல் மூழ்கினால் மட்டும்' என்ற மலிவான வகையா, கீறல், ஒடுக்கு வரைக்கும் சேர்ந்ததா என்று படித்துப் பாருங்கள்.

கேள்வி: பல வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறோம். ஓட்டிக்கொண்டிருக்கும் காரையே கொண்டுவந்தால் வரி கிடையாது என்கிறார்களே?

சில நாடுகளில் உண்மை, நிபந்தனைகளோடு. உதாரணத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் குடிபெயர்ந்து வருபவர் அதற்கு வெளியே குறைந்தது 12 மாதம் வாழ்ந்திருக்க வேண்டும், கார் அவர் கையில் 6 மாதமாவது பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டும், வந்த பின் 12 மாதம் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. உங்கள் நாட்டு விதி இதைவிட இறுக்கமாக இருக்கலாம், சில நாடுகளில் இந்தச் சலுகையே கிடையாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் திரும்புவதற்கு ஒரு வருடம் முன்பு, டிக்கெட் போட்ட பிறகு அல்ல. வாங்கிய பில், பதிவு, இன்சூரன்ஸ், சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் பெயரில் பதிவு, உங்கள் பெயரில் இன்சூரன்ஸ் என்று இருந்தால் அங்கேயே சிக்கும்.

கேள்வி: எலெக்ட்ரிக் சொகுசு கார் கொண்டுவந்தால் தொந்தரவு குறைவா?

பதிவில் சலுகை கிடைக்கலாம், ஆனால் சார்ஜ் போடும் வாயைப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வகை: ஐரோப்பாவில் சிசிஎஸ்2, வட அமெரிக்காவில் சிசிஎஸ்1ம் இப்போது என்ஏசிஎஸ்ஸும், சீனாவில் ஜிபி/டி, ஜப்பானில் சாடெமோ. ஊரில் வேறு வகை என்றால் வேகமான சார்ஜுக்கு அடாப்டரை நம்பி ஓட வேண்டும், எல்லா ஜோடிக்கும் அது நன்றாக வேலை செய்வதில்லை.

அதோடு, காரின் இணைய வசதி, மேப், சாஃப்ட்வேர் அப்டேட் எல்லாம் எந்தச் சந்தைக்குச் செய்த காரோ அங்கேதான் வேலை செய்யும்படி பூட்டப்பட்டிருக்கலாம். கம்பெனி வாரன்டியும் பல பிராண்டுகளில் அந்தப் பிராந்தியத்தோடு முடிந்துவிடும், பேட்டரி வாரன்டி உட்பட. உங்கள் ஊர் சர்வீஸ் சென்டருக்குச் சேஸிஸ் நம்பரோடு ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்தக் காரை ஏற்பீர்களா, பேட்டரி வேலை செய்வீர்களா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு முன்பணம் அனுப்பலாம்.