காரோ-கானைக் கைவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், சதுரங்கத்தில் கறுப்புக் காய் வந்தால் காரோ-கான் தடுப்பாட்டம் என்ற ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க முறை) ஆடுகிறாள். சென்ற ஞாயிறன்று தருமபுரியில் நடந்த போட்டியில் ஆறாவது நகர்த்தலிலேயே குதிரையிடம் மேட் ஆகி (ராஜா தப்ப வழியின்றித் தோற்று), வீடு வரும்வரை பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு ஓப்பனிங்குக்கு மாற்றிவிடலாமா? ஆட்டத்தை எழுதிய தாளை இணைத்துள்ளேன்.

ஒரு தந்தை, பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

மாற்ற வேண்டாம். தாளைப் பலகையில் ஆடிப் பார்த்தேன். (டி7 போன்றவை பலகைக் கட்டங்களின் பெயர்கள்; இ6 ஆடுவது என்றால் சிப்பாயை அந்தக் கட்டத்துக்கு நகர்த்துவது.) நான்காவது நகர்த்தலில் ஒரு குதிரையை டி7-இல் வைத்தவள், வெள்ளை ராணி இ2-க்கு வந்ததைக் கவனிக்காமல் மற்றொரு குதிரையையும் பழக்கத்தில் எஃப்6-க்கு எடுத்துவிட்டாள். இ4-இல் நின்ற வெள்ளைக் குதிரை டி6-க்குத் தாவியதும் ராணியின் வழி திறந்து, இ7 சிப்பாய் தன் ராஜாவை விட்டு நகர முடியாமல் கட்டுண்டது. ராஜாவைச் சுற்றியிருந்த ஐந்து கட்டங்களையும் சொந்தக் காய்களே அடைத்திருந்தன. 1950-இல் எஸ்தோனிய கிராண்ட்மாஸ்டர் பால் கெரஸ் இதே மேட்டை ஆறே நகர்த்தலில் ஒரு போட்டியில் வைத்திருக்கிறார் என்பதை அவளிடம் சொல்லுங்கள். ஐந்தாவது நகர்த்தலில் இ6 ஆடியிருந்தால் ஆபத்தே இல்லை.

அவள் நகர்த்தல்களை மனப்பாடம் செய்திருக்கிறாள், காரணத்தைப் படிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சி6 சிப்பாய் டி5-க்குத் துணை நிற்பதோடு, சி8 மந்திரியின் (பிஷப்) வழியை அடைக்காமலும் விடுகிறது. இந்த ஓப்பனிங்கின் உயிரே அதுதான். ஆகவே நான்காவது நகர்த்தலில் மந்திரியை எஃப்5-க்குக் கொண்டுவந்துவிட்டு, இ6 சிப்பாயால் கதவைப் பிறகு சாத்தட்டும். வெள்ளைக் குதிரை ஜி3-க்கு வந்து விரட்டினால் மந்திரி ஜி6-க்குப் பின்வாங்கும். அடுத்து எச்4 வந்தால், தயங்காமல் எச்6 ஆடி மந்திரிக்கு எச்7-இல் இடம் ஒதுக்க வேண்டும், இல்லையேல் எச்5 அதைப் பிடித்துவிடும்.

வெள்ளை மூன்றாவது நகர்த்தலிலேயே இ5 என்று முன்னேறினாலும் மந்திரி முதலில், இ6 பிறகு, அதன்பின் சி5 என்று டி4-ஐத் தாக்குவது. சி5-ஐத் தள்ளிப்போட்டால் கறுப்புக்கு மூச்சு முட்டும்.

1958-இல் ஸ்மிஸ்லோவிடமிருந்து உலகப் பட்டத்தைத் திரும்பப் பெற்ற போட்டியில் போட்வின்னிக் நம்பி ஆடிய தடுப்பாட்டம் இது. பின்னாளில் உலகச் சாம்பியனான கார்போவும் நெடுங்காலம் இதை விடவில்லை.

இன்று மாலை அவளை வெள்ளைப் பக்கம் உட்காரவைத்து, அந்த ஆறு நகர்த்தல் மேட்டை உங்களுக்கு வைத்துக்காட்டச் சொல்லுங்கள். ஏன் தப்ப முடியவில்லை என்பதை அவள் வாயாலேயே விளக்கட்டும். அடுத்த போட்டியின் தாளையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து