பத்திரத்தில் ‘முசாஷி மாகாணம்’ என்றிருந்தால் எந்த அலுவலகத்துக்குப் போவது?

கேள்வி: டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் குடியிருக்கிறேன். மனைவி ஜப்பானியர். அவருடைய பாட்டி காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது ஒரு பழைய நிலப் பத்திரம் கிடைத்தது. ‘முசாஷி-நோ-குனி, கட்சுஷிகா-குன், ஷிமோ-கொய்வா-முரா’ என்ற முகவரியும், மெய்ஜி 10 (1877) என்ற ஆண்டும், மனைவியின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தந்தையான ஒருவரின் பெயரும் அதில் உள்ளன. வம்சாவளி தேடித் தருகிற தரகர் ஒருவரிடம் காட்டினோம். இது இன்றைய கட்சுஷிகா வார்டு, அங்கிருந்து 1872ஆம் ஆண்டுக் குடும்பப் பதிவேட்டை எடுத்துத் தருகிறேன், குடும்பப்பெயர் எழுதியிருப்பதால் சாமுராய் வம்சம்தான், நிலத்திலும் உரிமை மிச்சம் இருக்கலாம் என்கிறார். 3 லட்சம் யென் கேட்கிறார். கொடுக்கலாமா? நாங்களே தேடுவதென்றால் எந்த அலுவலகம்?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன நான்கில் ஒன்றுகூடச் சரியில்லை. முதல் மூன்றை ஆதாரத்தோடு மறுக்கலாம். நான்காவது, ஆசை காட்டிப் பணம் பறிக்கும் பேச்சு.

முதலில் இடம். குனி என்றால் மாகாணம், குன் என்றால் அதற்குள் ஒரு வட்டம், முரா என்றால் கிராமம். முசாஷி இன்றைக்கு எந்த ஓர் அலுவலகத்தின் பெயரும் இல்லை. 7ஆம் நூற்றாண்டில் உருவான இந்த மாகாணத்துக்குத் தலைமையிடம் இப்போதைய ஃபுச்சூ நகரில் இருந்தது. பழைய கணக்கில் 21 வட்டங்கள். இன்றைய டோக்கியோவின் பெரும்பகுதி, சைத்தாமாவின் பெரும்பகுதி, கவாசாக்கி, யோகோஹாமாவில் ஒரு பெரிய பங்கு எல்லாம் சேர்ந்ததுதான் முசாஷி. 1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளை ஒழித்து ‘கென்’ என்ற நிர்வாகப் பிரிவுகளைக் கொண்டுவந்தார்கள். ஆனால் மாகாணத்தை ஒழிக்கிறோம் என்று தனியாக ஒரு சட்டம் போடவில்லை. அதனால்தான் ஆறு வருடம் கழித்து எழுதிய உங்கள் பத்திரத்திலும் முசாஷி இருக்கிறது. புஷூ என்று எழுதியிருந்தாலும் அதே முசாஷிதான். முசாஷி-கொசுகி ரயில் நிலையம், முசாஷினோ நகரம் என்று இன்றைக்கு ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் வெறும் பெயர். அங்கே போய் மாகாணப் பதிவேட்டைக் கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆக, மாகாணப் பெயரை விட்டுவிடுங்கள். கிராமப் பெயரைப் பிடியுங்கள். ஷிமோ-கொய்வா 1889இல் பக்கத்துக் கிராமங்களோடு சேர்ந்து கொய்வா கிராமமானது. அந்த ஆண்டில் நாடு முழுவதும் 71 ஆயிரத்துக்கும் மேலான ஊர்களைச் சுமார் 16 ஆயிரமாகச் சுருக்கினார்கள், கொய்வாவும் அதில் ஒன்று. பிறகு பேரூராக உயர்ந்து, 1932இல் டோக்கியோ நகரம் விரிந்தபோது எதோகாவா வார்டுக்குள் வந்தது. நிஷி-கசாயும் எதோகாவாதான். நீங்கள் தேடும் ஊர் உங்கள் வார்டுக்குள்ளேயே இருக்கிறது.

தரகர் கட்சுஷிகா வார்டு என்றது ஏன் என்று ஊகிக்க முடிகிறது. வட்டத்தின் பெயரையும் வார்டின் பெயரையும் ஒன்றாக நினைத்திருக்கிறார். ஷின்-கொய்வா நிலையம் கட்சுஷிகா வார்டில் இருப்பதும் சேர்ந்து குழப்பியிருக்கலாம். கொய்வா நிலையம் எதோகாவாவில் இருக்கிறது. பழைய வட்டத்தின் பெயரைத் தாங்கிய இன்றைய ஊர் அந்த வட்டம் முழுவதையும் குறிப்பதில்லை. அடாச்சி வட்டத்தின் பெரும்பகுதி சைத்தாமாவில் இருக்க, பெயர் மட்டும் டோக்கியோ வார்டு ஒன்றுக்குப் போயிருக்கிறது.

கட்சுஷிகாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு வட்டத்தில் ஏமாந்தவர்கள் அதிகம். அது முதலில் முசாஷியைச் சேர்ந்ததே இல்லை, பக்கத்து மாகாணமான ஷிமோஸாவைச் சேர்ந்தது. சுமிதா ஆறுதான் இரண்டுக்கும் எல்லை. 1657 தீ விபத்துக்குப் பிறகு ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்டி, இரு மாகாணங்களை இணைப்பதால் ‘ர்யோகோக்கு’, அதாவது இரு நாடுகள், என்று பெயர் வைத்தார்கள். அந்த நூற்றாண்டிலேயே எல்லை கிழக்கே எதோகாவா ஆற்றுப் பக்கம் நகர்ந்தது. கட்சுஷிகாவின் மேற்குப் பாதி முசாஷிக்கு வந்தது, கிழக்குப் பாதி ஷிமோஸாவிலேயே தங்கியது. ஒரே பெயரில் இரண்டு மாகாணங்களில் இரண்டு வட்டங்கள். மெய்ஜி காலத்தில் அவை ஐந்தாகப் பிரிந்தன: தெற்கு கட்சுஷிகா டோக்கியோவில், வடக்கு சைத்தாமாவில், கிழக்கு ச்சிபாவில், மேற்கு இபராக்கியில், நடு கட்சுஷிகா ஷிமோஸா மண்ணாக இருந்தும் சைத்தாமாவின் நிர்வாகத்தில். நடுவும் மேற்கும் 1896இல் மறைந்தன. தெற்கும் 1932இல் முகோஜிமா, ஜோதோ, கட்சுஷிகா, எதோகாவா என நான்கு வார்டுகளாகப் பிரிந்தது. முதல் இரண்டும் 1947 முதல் சுமிதா, கோதோ வார்டுகளுக்குள் இருக்கின்றன. பத்திரத்தில் கட்சுஷிகா என்பதை மட்டும் பார்த்து இடம் சொல்கிறவர் டோக்கியோ, சைத்தாமா, ச்சிபா, இபராக்கி என்ற நான்கு நிர்வாகப் பகுதிகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்கிறார்.

உங்கள் பத்திரத்தில் ‘தெற்கு’ என்ற பொருளில் வரும் ‘மினாமி’ இல்லையே என்று பயப்பட வேண்டாம். அந்தப் பிரிவு 1878 நவம்பரில்தான் வந்தது. மெய்ஜி 10 என்றால் 1877. அந்தச் சொல் இல்லாததுதான் சரி.

(வேறு வாசகர்களுக்காக ஒரு வரி: பத்திரத்தில் கனகாவா கென், தாமா வட்டம் என்றிருந்தால், 1893இல் அந்தப் பகுதி டோக்கியோவுக்கு மாற்றப்பட்டது. டோக்கியோவில் தேடுங்கள்.)

இனி 1872 பதிவேடு. ‘ஜின்ஷின் கொசெகி’ என்ற அந்தப் பதிவேட்டில் மக்களின் சாதிநிலை சார்ந்த குறிப்புகள் இருந்தன. ஒதுக்கப்பட்ட சமூகத்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தியதால் 1968இல் முற்றாகப் பூட்டிவிட்டார்கள். குடும்பத்தாருக்கே கிடையாது. எடுத்துத் தருகிறேன் என்கிறவர் பொய் சொல்கிறார், அல்லது சட்டத்தை மீறப் போகிறார். இரண்டுக்கும் நீங்கள் காசு கொடுக்கக் கூடாது. சட்டப்படி கிடைப்பதில் மிகப் பழையது 1886இல் வந்த படிவம். அதில் குடும்பத் தலைவரின் தந்தை பெயரும் முந்தைய தலைவரின் பெயரும் இருக்கும். அதனால் 1877இல் நிலம் வைத்திருந்தவரை எட்டிப் பிடிக்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

சாமுராய் கதைக்கும் இரண்டு வரி போதும். சாதாரண மக்கள் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள 1870இல் அனுமதி வந்தது, 1875இல் கட்டாயமானது. 1877இல் எல்லார் பத்திரத்திலும் குடும்பப்பெயர் இருக்கும். குடும்பச் சின்னத்தைக் காட்டி வம்சம் சொல்வதும் இதே வகைதான். மெருகிட்ட பெட்டியில் சுருளாக வரும் அந்த வம்சாவளி வரைபடத்தைப் பார்த்து ஒரு குடும்பம் கண் கலங்கியதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் பாதிப் பெயர்கள் வேறொரு ஊரின் வேறொரு குடும்பத்தார். அவர்களிடம் அதை எடுத்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

நில உரிமை பற்றி: நிலவரிச் சீர்திருத்தத்தையொட்டிக் கொடுத்த இந்தச் சான்றிதழ் முறை 1889இல் ஒழிந்தது. அந்தக் காகிதம் இன்று உரிமை எதையும் தராது. மனதை அரித்தால் சட்ட விவகார அலுவலகத்தில் பழைய நிலப் பேரேட்டைக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். இன்றைய பதிவுச் சான்று 600 யென். நிலம் யார் கைக்குப் போனது என்பது அதில் தெரிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டிய வேலை. பத்திரத்திலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் மனைவியின் இன்றைய பதிவேட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான் இங்கே நடக்கிறது. மனைவியின் பதிவேட்டில் அவருடைய பெற்றோரின் பதிவேடு எங்கே என்று எழுதியிருக்கும், அதில் தாத்தாவுடையது எங்கே என்று இருக்கும். 1948க்கு முந்தைய பதிவேடுகளில் ஒரு வீடு முழுக்க, தலைவர் முதல் பேரக்குழந்தைகள் வரை, ஒரே ஏட்டில் வருவார்கள், அங்கே வேலை வேகமாக நடக்கும். சங்கிலி கொய்வாவில் போய் முடிந்தால் பத்திரமும் பதிவேடும் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. முடியாவிட்டாலும் பதற வேண்டாம். பதிவேடு எந்த ஊரில் என்று குறிக்கும் பதிவு முகவரி, குடியிருந்த இடமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டோக்கியோவில் பேரரசரின் அரண்மனை முகவரியைக்கூடப் பதிவு முகவரியாக வைத்திருக்கும் மக்கள் இருக்கிறார்கள்.

2024 மார்ச் 1 முதல் எந்த ஊர்ப் பதிவேட்டையும் எந்த உள்ளாட்சி அலுவலகத்திலும் கேட்டு வாங்கலாம். எதோகாவா வார்டு அலுவலகத்தில் ஒரே மேசையில் வேலை முடியக்கூடும். ஆனால் இந்த வசதிக்கு உங்கள் மனைவியே நேரில், புகைப்பட அடையாள அட்டையோடு போக வேண்டும். நேர்வழி முன்னோர், நேர்வழிச் சந்ததியினர் பதிவேடு மட்டுமே கிடைக்கும், பாட்டியின் அண்ணன் தம்பி வழி கிடைக்காது. பதிலாள் கூடாது. கணவர் என்ற முறையில் நீங்கள் போனால் மனைவியின் பெயருள்ள ஏடு கிடைக்கும், அவருடைய முன்னோர் ஏடு கிடைக்காது. அவர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதமும் இந்தச் சாளரத்தில் செல்லாது. உரிமம் பெற்ற ஆவண எழுத்தர் ஒருவரை வைத்தாலும் அவர் இந்த வசதியைப் பயன்படுத்த முடியாது, ஊர் ஊராகத் தபாலில்தான் கேட்பார். உங்கள் மனைவி ஒரு நாள் விடுப்பெடுத்தால் முடிகிற வேலைக்கு மாதக் கணக்கும் லட்சக் கணக்கும் ஆவது இதனால்தான்.

இன்றைய பதிவேட்டுப் பிரதி 450 யென், புழக்கம் முடிந்து மூடிய பழைய ஏடு ஒவ்வொன்றும் 750 யென். கணினியில் ஏறாத ஏடுகள் மட்டும் அந்தந்த ஊருக்குத் தபாலில். அதற்குப் பணமாகத் தபால் நிலையத்தில் சிறுதொகைப் பணச்சீட்டு வாங்க வேண்டும், 750 யென் சீட்டு ஒன்றுக்கு 200 யென் கமிஷன்! பல அலுவலகங்கள் இன்னும் இதைத்தான் கேட்கின்றன. இதைவிட வேதனை, மூடிய ஏடுகளை 150 ஆண்டு காக்க வேண்டும் என்ற விதி 2010இல்தான் வந்தது. அதற்கு முன் 80 ஆண்டு கழிந்தவற்றை அழிக்க அனுமதி இருந்தது, பல ஊர்கள் அழித்தும் விட்டன. மனிதர்களின் ஒரே தடயத்தை இடம் போதவில்லை என்று குப்பையில் போட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சங்கிலி இடையில் டோக்கியோவின் கிழக்குப் பகுதிகளான ஹோஞ்ஜோ, ஃபுகாகாவா பக்கம் போனால் 1945 மார்ச் 10 குண்டுவீச்சில் ஏடு எரிந்திருக்கலாம். அப்போது, ஏடு அழிந்ததால் தர இயலாது என்று அறிவிக்கும் சான்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு குடும்பத்துக்கான புத்தக் கோயிலில் இறந்தோர் பேரேட்டைப் பற்றி விசாரிக்கலாம். கோயில் காட்ட மறுத்தால் வற்புறுத்த வழியில்லை.

மனைவி கவுண்டரில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “என் நேர்வழி முன்னோர்களின் பதிவேடுகள், கிடைக்கிற மிகப் பழையது வரை எல்லாமே வேண்டும்.” தாய்வழியா தந்தைவழியா என்று கேட்பார்கள், பாட்டி எந்தப் பக்கம் என்று முன்னமே குறித்துக்கொண்டு போகட்டும். எல்லா ஏடும் அன்றைக்கே கைக்கு வராமல் போகலாம், மறுபடி ஒருமுறை வரச் சொல்லக்கூடும். காலையிலேயே போகச் சொல்லுங்கள்.