அப்பத்தா தலை சாஞ்ச செவுரு

வணக்கம் மேடம். நாங்க மதுரை. வீட்ல நான், எங்க வீட்டுக்காரர், எங்க பொண்ணு. அவளுக்கு ஒம்பது வயசு, இப்பதான் அஞ்சாவது போறா. எங்க அத்தை, அதாவது இவரோட அம்மா, பொங்கலுக்கு முன்னாடி தவறிட்டாங்க. கடைசி ரெண்டு வருஷம் அவங்க படுத்திருந்த ரூமை பாப்பாவுக்கு குடுத்துடலாம்னு முடிவு பண்ணி, மே லீவுல பெயிண்டர் வேணாம் நாமளே அடிப்போம்னு ஆரம்பிச்சோம். ஷேட் கார்டை ரெண்டு நாள் கையிலயே வச்சு பார்த்து அவளே பிஸ்தா கலர் எடுத்தா. முதல் நாள் அவ்ளோ சந்தோஷம் மேடம், தரை பூரா பழைய பேப்பர் விரிச்சு, அவரு பட்டி பார்க்க, இவ ஜன்னல் கம்பியை உப்புத்தாள் போட்டு தேய்க்க, நான் ரோலர் உருட்ட, மத்தியானம் அங்கயே உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டோம்.

ரெண்டாம் நாள் கட்டில் கிடந்த பக்கத்துக்கு வந்தோம். அங்க செவுத்துல ஒரு எண்ணெய் கறை இருந்துச்சு, சாப்பாட்டு தட்டு அகலம் இருக்கும், நடுவுல கருத்து ஓரமெல்லாம் மஞ்சளா. அத்தை சாஞ்சு உக்காந்து உக்காந்து தலை எண்ணெய் ஏறின இடம். அவரு ரோலரை எடுத்ததும் இவ ஓடிப்போய் அது மேல முதுகை ஒட்டிக்கிட்டு நகரவே மாட்டேன்னுட்டா. போன வருஷம் பூரா ஸ்கூல் கிளம்புறதுக்கு முன்னாடி அப்பத்தாவுக்கு தலைக்கு எண்ணெய் வைக்கிறது அவ வேலை. "அது அழுக்கு இல்லப்பா, நான் தேச்ச எண்ணெய்"னு ஒரே அழுகை. அவருக்கு கோவம் வந்துடுச்சு, செவுத்து அழுக்குக்கு என்னடி அழுகைன்னு கத்திட்டார். அன்னைக்கு ராத்திரி இவ தூங்கினப்புறம் அவரே போய் ரெண்டு கோட் அடிச்சு முடிச்சுட்டார்.

காலையில பார்த்துட்டு பாப்பா ஒரு வார்த்தை பேசல மேடம். தலகாணிய எடுத்துட்டு ஹாலுக்கு வந்துட்டா. இருபது நாளாச்சு, அப்பாகிட்ட ம், ம்ஹூம் அவ்ளோதான். இதுல அந்தக் கறை பச்சைக்கு மேல மஞ்சளா திரும்ப வெளிய வந்துடுச்சு. தினம் காலையில போய் செவுத்துல மூக்கை வச்சு மோந்து பார்த்துட்டு வர்றா. தெரிஞ்ச பெயிண்டர்கிட்ட கேட்டதுக்கு, எண்ணெய் ஏறின செவுத்துல எமல்ஷன், அதான் தண்ணி கலந்து அடிக்கிற பெயிண்ட், நிக்காது, சோப்பு போட்டு கழுவி ஆயில் பிரைமர் குடுத்துட்டு அடிங்கன்னார். இவரு பிரைமரே வாங்கி வச்சுட்டார், வர்ற ஞாயித்துக்கிழமை அடிக்கப் போறாராம். ரூம் அப்படியே இருந்தா அவ மறக்கவே மாட்டாங்கிறார். அம்மா காரியத்துலகூட அவரு கண்ல ஒரு சொட்டு தண்ணி வரல மேடம். புள்ளைக்கு ஏதும் மனசுல கோளாறா? நான் யார் பக்கம் நிக்கிறது?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரி, முதல்ல ஞாயித்துக்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

நீங்க எழுதினதை வச்சு பார்த்தா உங்க பொண்ணுக்கு கோளாறு ஒண்ணும் தெரியல. ஒம்பது வயசுல, போனவங்க திரும்ப வரமாட்டாங்கங்கிறது பிள்ளைங்களுக்கு நல்லாவே புரியும். புரிஞ்சதாலதான் மிச்சம் இருக்கிறதை இறுக்கிப் பிடிக்கிறாங்க. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் ஃபிலிஸ் சில்வர்மன், வில்லியம் வோர்டன்னு ரெண்டு ஆய்வாளர்கள் அப்பாவையோ அம்மாவையோ இழந்த 125 பிள்ளைங்களோட பேசிப் பார்த்தாங்க, ஆறு வயசுல இருந்து பதினேழு வரைக்கும். நிறைய பிள்ளைங்க போனவங்களோட ஏதோ ஒரு பொருளை பக்கத்துல வச்சிருந்தாங்க, மனசுக்குள்ள அவங்களோட பேசிட்டும் இருந்தாங்க. மறந்தாதான் தேறுவாங்கங்கிற பழைய நினைப்பு 1990கள்ல மாறினதுக்கு இந்த மாதிரி வேலைங்க ஒரு காரணம். உங்க வீட்ல போனது அப்பத்தா, ஆனா தினம் காலையில தலையை தொட்டு எண்ணெய் தேச்ச உறவு அது. அவ கையால செஞ்சது அந்த செவுத்துல இருக்கு.

இப்ப உங்க வீட்டுக்காரர். அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அம்மா காரியத்துல அழாத மனுஷன், ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் தனியா போய் அம்மா சாஞ்ச இடத்துல ரெண்டு கோட் அடிச்சிருக்கார். அவருக்கும் அந்தக் கறையை பார்க்க முடியலங்க. பொண்ணு அதை விட மாட்டேங்கிறா, இவரால அது முன்னாடி நிக்க முடியல, ரெண்டுமே துக்கம்தான். அதனால யார் பக்கம்னு கேக்காதீங்க. அவரு தனியா இருக்கிறப்ப அத்தையைப் பத்தி நீங்களா பேச்சு எடுங்க, உங்களுக்கு ஞாபகம் வர்ற ஏதாவது ஒண்ணு. அவரு எந்திரிச்சு போயிட்டா விட்ருங்க, இன்னொரு நாள் பேசலாம்.

ஆனா அவரு பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டே ஆகணும், இதுல நான் கறாரா இருக்கேன். பெயிண்ட் அடிச்சதுக்கு இல்ல, அவ தூங்கினப்புறம் அடிச்சதுக்கு. மூணு பேரும் சேர்ந்து செய்யிற வேலைன்னு சொல்லித்தான் அவளை கூப்பிட்டீங்க, கலரையும் அவதான் எடுத்தா, கடைசியில அவளுக்கு தெரியாமயே முடிஞ்சிருக்கு. "உன்கிட்ட கேக்காம செஞ்சுட்டேன், தப்புதான், எனக்கும் அப்பத்தா ஞாபகமாவே இருக்கு"ன்னு அவரு வாயால சொன்னா போதும். சைக்கிள் வாங்கித் தர்றேன் அது இதுன்னு அதோட சேர்க்க வேணாம்.

கறை திரும்ப வந்ததை பார்த்து சொந்தக்காரங்க யாராவது அப்பத்தா வந்துட்டாங்கடின்னு ஆசையா சொல்லலாம், அது வேணாம். பெயிண்டர் உங்ககிட்ட சொன்னதை அப்படியே அவகிட்டயும் சொல்லுங்க. உள்ளதை தாங்கிக்கிற வயசுதான்.

அப்புறம் அந்த இடத்தை என்ன பண்றதுன்னு அவளே சொல்லட்டும். தட்டு அளவு இடத்தை அப்படியே விட்டுட்டு சுத்தி ஒரு மரச் சட்டம் அடிச்சுக் குடுக்கலாம், கார்பெண்டருக்கு அரை நாள் வேலைகூட இல்ல. ஒரு வருஷம் கழிச்சு அடிச்சுடலாம்பான்னு அவளே சொன்னாலும் சொல்லுவா, அப்ப ரோலரை அவ கையில குடுங்க. ஹால்ல படுக்கிறதுக்கு அவசரப்படுத்தாதீங்க. சாப்பாடு தூக்கம் குறைஞ்சாலோ, ஸ்கூல் போக மாட்டேன்னு பல வாரம் அடம்பிடிச்சாலோ, நேர்ல ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகரை பாருங்க.

இன்னொண்ணு, வேற விஷயம்தான், ஆனா சொல்லாம இருக்க முடியல. பழைய வீடா இருந்தா ஜன்னல் கம்பியை அவளை உப்புத்தாள் போட விடாதீங்க. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி நம்ம நாட்ல அமலுக்கு வந்ததே 2017 நவம்பர்லதான், அதுக்கு முந்தின எனாமல் தூசி பிள்ளைங்க உடம்புக்குள்ள போகக் கூடாது.

அவ அப்பத்தாவுக்கு தேச்ச எண்ணெய் பாட்டில் வீட்ல இன்னும் இருக்கா? இருந்தா எடுத்து அவகிட்ட குடுங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு தலைக்கு வச்சு விடுறியான்னு கேட்டுப் பாருங்க, அவ மாட்டேன்னா வற்புறுத்த வேணாம்.