ஆக்‌ஷன் ஆர்பிஜிக்குப் புது கிளாஸ்: கேள்வி பதில்

சொந்தமாக ஆக்‌ஷன் ஆர்பிஜி செய்பவர்களும், இருக்கும் கேம்களுக்கு மாட் (ரசிகர்கள் சேர்க்கும் மாற்றம்) செய்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஆர்பிஜி என்றால் ஒரு பாத்திரமாக ஆடி அதை வளர்க்கும் கேம்; கிளாஸ் என்றால் அதில் நாம் தேர்ந்தெடுக்கும் பாத்திர வகை. பல வருடமாக நான் செய்வது சண்டை அமைப்பு வேலைதான். அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஓவியம், விளம்பரம், முதலீடு பற்றிக் கேட்டால் ஒரு வரிதான் வரும்.

கேள்வி: அண்ணா, எங்கள் ஹீரோ சாபம் வாங்கிய காவல்வீரன். 40 பக்கம் கதை எழுதியாயிற்று. மூன்று ஸ்கில் ட்ரீ (கிளை கிளையாகப் பிரியும் திறன் வரிசை), ஒவ்வொன்றிலும் பத்து ஸ்கில் தயார். அடுத்து என்ன?

அந்த முப்பதையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். டயாப்லோ 2 கேமில் ஒரு கிளாஸுக்கு முப்பது ஸ்கில் இருந்தது. அதைப் பார்த்து நிறைய பேர் முப்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது இதைத்தான்: விளையாடுபவரின் கை ஒவ்வொரு நொடியும் என்ன செய்யப்போகிறது?

டயாப்லோ 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிளாஸ்களில் பார்பேரியனுக்கு ஃப்யூரி என்ற சக்தி. அடித்தால் ஏறும், அடி வாங்கினாலும் ஏறும், சும்மா நின்றால் வடிந்துவிடும். அதனால் அவர் கூட்டத்துக்குள் புகுந்தே ஆக வேண்டும். விசார்டின் ஆர்கேன் பவர் தானாக நிரம்பும்; கொட்டித் தீர்த்துவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கினால் போதும். டீமன் ஹன்டருக்கு இரண்டு: தாக்குவதற்கு ஹேட்ரட், தப்பிப்பதற்கு டிசிப்ளின். முன்னது வேகமாக நிரம்பும், பின்னது மெதுவாக. எனவே ஓடும் ஒவ்வொரு முறையும் ‘இப்போதே செலவழிக்கலாமா’ என்று மனம் ஒரு கணக்குப் போடும். மூவருக்கும் ஒரே மானாவை (பொதுவான மந்திர சக்தியை) கொடுத்திருந்தால் உடைதான் வேறாக இருந்திருக்கும், ஆள் ஒன்றாகியிருப்பார்.

உங்கள் காவல்வீரனின் சாபம் அந்தக் கையில் தெரிகிறதா? அடிக்க அடிக்கச் சாபம் ஏறி, ஒரு கட்டத்தில் அவரையே கடிக்குமா? அப்படியானால் அதுதான் கிளாஸ். சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை வீரனாக நிறுத்துங்கள். ஒரு சாதாரண அடி, ஒரு நகர்வு, சேர்த்ததைச் செலவழிக்க ஒரு ஸ்கில். பதினைந்து நிமிடம் ஆடிய பிறகும் கை இன்னொரு அடிக்குப் போகிறது என்றால் நான்காவது ஸ்கில்லைத் தொடலாம்.

கேள்வி: எங்கள் கிளாஸின் அடி சப்பென்று இருக்கிறது. டேமேஜை (அடியின் சேத எண்ணை) இரண்டு மடங்காக்கியும் மாறவில்லை.

மாறாது. கை உணர்வது எண்ணை அல்ல, நேரத்தை.

நான் ஒரு சங்கிலி வீரனைச் செய்தேன். சங்கிலியை வீசி எதிரியைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். கனமான ஆயுதம் என்பதால் வீச்சுக்கு முன் 22 ஃப்ரேம் (திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம்) ஓங்க வைத்தேன். நொடிக்கு 60 ஃப்ரேம் கணக்கில் அது நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆடிப் பார்த்த எல்லோரும் பட்டனை இரண்டு முறை அழுத்தினார்கள், முதல் அழுத்தம் பதியவில்லை என்று நினைத்து. ஓங்குவதை 8 ஃப்ரேமுக்கு இறக்கினேன். கனத்தை அடிக்குப் பிறகு வைத்தேன்: சங்கிலி திரும்பி வர 20 ஃப்ரேம், அதில் முதல் 6 கடந்ததும் டாட்ஜ் செய்து (விலகிப் பாய்ந்து) மீதியை வெட்டிக்கொள்ளலாம். கொக்கி மாட்டும் கணத்தில் எதிரியும் வீரனும் 4 ஃப்ரேம் அப்படியே உறைந்து நிற்பார்கள். டேமேஜ் எண்ணில் கைவைக்கவே இல்லை. அடுத்த முறை ஆடியவர்கள் ‘டேமேஜை ஏற்றிவிட்டீர்களா?’ என்று கேட்டார்கள்.

கேள்வி: கேம் செய்ய எந்த எஞ்சின் (அடிப்படை மென்பொருள்) நல்லது?

உங்கள் குழுவுக்கு ஏற்கெனவே தெரிந்தது.

கேள்வி: ‘10% வேகம் கூடும்’ என்று வீரன் அணியும் பொருளில் எழுதியிருக்கிறோம். ஆனால் வேகம் கூடுவதே தெரியவில்லை என்கிறார்கள்.

அனிமேஷன் முழு ஃப்ரேமில்தான் ஓடும் என்றால் இது நடக்கும். டயாப்லோ 2 நொடிக்கு 25 ஃப்ரேம். அதில் சோர்சரஸ் என்ற கிளாஸ் மந்திரம் போட 13 ஃப்ரேம் ஆகும். பொருள்களால் வேகம் 63% கூடினால் 9 ஃப்ரேம், 105% கூடினால்தான் 8. இடையில் 104% வைத்திருப்பவருக்கும் 63% வைத்திருப்பவருக்கும் ஒரே வேகம். அந்தப் படிகளை மனப்பாடம் செய்து பொருள் தேடுவதை விரும்பிய கூட்டம் உண்டு, நானும் அதில் இருந்தேன். ஆனால் படிகளைத் திட்டமிட்டு வையுங்கள், இல்லையென்றால் நேரத்தைப் பின்னமாகக் கணக்கிடுங்கள். தெரியாமல் அமைந்த படி விளையாடுபவரை ஏமாற்றும்.

கேள்வி: பாசிவ் ஸ்கில்களின் (பட்டன் அழுத்தாமலே பலன் தருபவை) போனஸைக் கூட்டவா, பெருக்கவா?

எல்லோரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் டேமேஜ் எழுத வேண்டும். 20% போனஸ் பத்து இருக்கிறது என்று வையுங்கள். கூட்டினால் 200% ஏறி அடி 3 மடங்கு. ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கினால் 6 மடங்கைத் தாண்டும். பாத் ஆஃப் எக்ஸைல் கேம் இதற்கு இரண்டு தனிச் சொல் வைத்தது: ‘இன்க்ரீஸ்ட்’ என்றால் கூட்டல், ‘மோர்’ என்றால் பெருக்கல். உங்கள் கேமிலும் சொல்லிலேயே அந்த வேறுபாடு தெரியட்டும். என் வழக்கம்: பெருக்கல் போனஸ் ஒரு கிளாஸுக்கு மூன்று, அதிகபட்சம் நான்கு. ஒவ்வொன்றுக்கும் விளையாடுபவர் ஏதாவது விலை கொடுக்க வேண்டும்.

கேள்வி: ப்ரோ, பேலன்ஸ் (கிளாஸ்களின் பலச் சமநிலை) எப்படிச் செய்வது?

மேலே உள்ள பதில்தான்.

கேள்வி: புது கிளாஸ் பழையவற்றைவிடப் பலமாக இருந்தால்தானே வாங்குவார்கள்?

2024 அக்டோபரில் டயாப்லோ 4-க்கு ஸ்பிரிட்பார்ன் என்ற புது கிளாஸ் வந்தபோது மற்ற கிளாஸ்கள் எட்ட முடியாத அளவு டேமேஜ் போட்டது. ஜாகுவார், கொரில்லா, கழுகு, பூரான் என்று நான்கு காவல் ஆவிகள், கைக்கு நான்கு விதமான ஆட்டம். அத்தனை அழகான அமைப்பு இருந்தும் பேச்செல்லாம் எண்ணைப் பற்றியே போனது. எனக்கு அது வருத்தம். கொஞ்சம் குறைவான பலத்தோடு விடுங்கள், பிறகு ஏற்றுங்கள். இறக்கினால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

கேள்வி: எலும்புப் படை எழுப்பும் கிளாஸ் செய்கிறேன். நண்பர்கள் ‘அது சோம்பேறி கிளாஸ், நிற்க வைத்துவிட்டு டீ குடிக்கலாம்’ என்கிறார்கள்.

டயாப்லோ 2-இன் நெக்ரோமேன்சரைப் பாருங்கள். எலும்புக்கூட்டை எழுப்பப் பிணம் வேண்டும். பிணத்தை வெடிக்க வைக்கும் ஸ்கில்லுக்கும் அதே பிணம்தான். அறையில் மூன்று பிணம் கிடந்தால், படையை நிரப்பவா, வெடித்துக் கூட்டத்தைக் கலைக்கவா? எதிரி விழுந்த இடமே கைக்கு வேலை கொடுக்கிறது. நான் பார்த்ததில் மிகச் சிறந்த கிளாஸ் சிந்தனை அதுதான். உங்கள் மினியன்களுக்கும் (எழுப்பிய படையாட்களுக்கும்) அப்படி ஒரு பங்கீடு வையுங்கள்.

இன்னொருவர்: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முடிவில் எல்லோரும் படையை எழுப்பிவிட்டுப் பின்னால் நடக்கிறார்கள். மினியனே வேண்டாம்.

சும்மா நடப்பதற்கு மினியன் காரணமில்லை, மினியன் சாகாமல் இருப்பதுதான் காரணம். டயாப்லோ 4-இல் படை பிடிக்காதவர் அதை நிரந்தரமாகப் பலியிட்டுத் தனக்குப் பலன் எடுத்துக்கொள்ளலாம். ஒரே கிளாஸில் இருவருக்கும் இடம் இருக்கிறது.

வேறொருவர்: எனக்கு மணிக்கட்டு வலி. நிமிடத்துக்கு நூறு முறை சொடுக்க முடியாது. மினியன் கிளாஸ் இருப்பதால்தான் இந்த வகை கேமையே ஆட முடிகிறது. அதையும் எடுத்துவிடாதீர்கள்.

இதைச் சொன்னதற்கு நன்றி. ‘கைக்கு வேலை’ என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதில் இது விடுபட்டுப் போயிற்று. வேலை என்றால் முடிவு எடுப்பது, சொடுக்குவது அல்ல. பட்டனை அழுத்திப் பிடித்தால் அடி தொடரட்டும். எந்தப் பிணம், எந்த எதிரி என்று நிமிடத்துக்குப் பத்து நல்ல முடிவுகள் போதும். எலும்புப் படைக்காரரே, உங்கள் கிளாஸை இவரிடம் ஆடக் கொடுங்கள். என்னைவிட நன்றாகக் குறை சொல்வார்.

மினியன் வேண்டாம் என்ற நண்பர்: சரி, மணிக்கட்டு விஷயம் நியாயம். ஆனாலும் குறுகலான வழியில் மினியன்கள் அடைத்துக்கொண்டு நிற்பது எரிச்சல்.

அது உண்மையான குறை. டயாப்லோ 2-இன் இரண்டாம் ஆக்டில் (கதைப் பகுதியில்) மேகட் லேர் சுரங்கத்துக்குள் படையோடு போனவர்களுக்குத் தெரியும்: முன்னால் ஒரு எலும்புக்கூடு சண்டை போடும், மீதி வரிசையில் நிற்கும். வீரன் தன் மினியனுக்குள் ஊடுருவிப் போக விடுங்கள். நெடுந்தூரம் பிரிந்தால் பக்கத்தில் வந்து நிற்கட்டும். முதல் வாரமே ஒற்றையடிப் பாதை ஒன்றை வைத்துச் சோதியுங்கள்.

கேள்வி: பேலன்ஸ் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?

கூட்டல், பெருக்கல் பதில். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கிரிம் டான் கேமுக்குப் புது மாஸ்டரி (அங்கே கிளாஸுக்கு அந்தப் பெயர்) ஒன்று மாட் செய்கிறேன். ஒன்றுதானே, சீக்கிரம் முடியுமா?

அங்கே விளையாடுபவர் இரண்டு மாஸ்டரிகளைச் சேர்ப்பார். 2019-இல் ஃபர்காட்டன் காட்ஸ் விரிவாக்கத்தோடு ஓத்கீப்பர் வந்து மாஸ்டரி 8-லிருந்து 9 ஆனபோது ஜோடிகள் 28-லிருந்து 36 ஆயின. அந்த ஒன்பதோடு நீங்கள் ஒன்று சேர்த்தால் புதிதாக ஒன்பது ஜோடி. ஒவ்வொன்றையும் ஆடித்தான் ஆக வேண்டும். உங்கள் பெருக்கல் போனஸ் இன்னொரு மாஸ்டரியின் பெருக்கலோடு எங்கே சந்திக்கிறது என்பதை முதலில் தேடுங்கள், உடைவது அங்கேதான்.

கேள்வி: வாள் பிடித்த இலவச மாடல் எங்கே கிடைக்கும்?

பெட்டியே போதும். ஆட்டம் பிடித்த பிறகு ஓவியரைத் தேடுங்கள்.

கேள்வி: சாபக் காவல்வீரன் கேட்டவன்தான் அண்ணா. பெட்டி வைத்துச் செய்து பார்த்தேன். மூன்று அடிக்குச் சாபம் நிரம்புகிறது, நான்காவது வெடிக்கிறது. நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கோ இடிக்கிறது. கிளிப் அனுப்பியிருக்கிறேன்.

பார்த்தேன், ஃப்ரேம் ஃப்ரேமாக. மூன்றாவது அடியில் பெட்டி கொஞ்சம் பின்னால் சாய்கிறதே, அது அருமை. இடிப்பது ஒலி: வெடிக்கும் சத்தம் அடி படுவதற்கு 5 ஃப்ரேம் முன்பே கேட்கிறது. அதைத் தள்ளி அடி படும் ஃப்ரேமிலேயே வையுங்கள். வேறு எதையும் தொடாமல் திரும்ப அனுப்புங்கள்.