கடையில்லாத தீவுக்குப் பெற்றோருடன் ஒரு நாள்

கேள்வி: அட்லாண்டாவில் வசிக்கிறோம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். இருவரும் எழுபதை நெருங்குகிறவர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஏழு வயது மகளும் இருக்கிறாள். ஜார்ஜியா மாநிலத்தின் கம்பர்லாந்து தீவுக்குப் படகில் போய் அன்றே திரும்ப ஆசை. அங்கே கடையே கிடையாது என்கிறார்கள். இவர்களை அழைத்துப் போகலாமா? எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?

பதில்: தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் தீவு முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தீவின் நீளம் சுமார் 28 கிலோமீட்டர். படகு இறக்கிவிடுவது தென்பகுதியில். அதன்பின் கூப்பிட்டால் வரும் வண்டி எதுவும் இல்லை, நடைதான். ஆகவே அம்மாவின் முழங்காலை முன்வைத்து அந்த நாளைத் திட்டமிடுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து படகு புறப்படும் செயின்ட் மேரிஸ் ஊருக்குக் காரில் ஐந்தரை மணி நேரமாவது ஆகும். காலைப் படகு 9 மணி வாக்கில் கிளம்பிவிடுகிறது. விடிய விடிய கார் ஓட்டி வந்து அதைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் தூக்கமில்லாமல் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். முந்தைய இரவு அந்த ஊரிலேயே தங்குங்கள்.

படகில் முக்கால் மணி நேரம். தீவுக்கு இரண்டு படகுத்துறைகள்: டன்ஜனெஸ், அதற்கு வடக்கே சீ கேம்ப். பலரும் முதல் துறையில் இறங்கி, இடிந்த மாளிகையைப் பார்த்து, கடற்கரை வழியாக வடக்கே நடந்து, இரண்டாம் துறையில் படகேறுகிறார்கள். ஆறரை கிலோமீட்டர் வரும் அந்தச் சுற்றில் பெரும்பகுதி நிழலே இல்லாத மணல். உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம்.

நீங்கள் சீ கேம்ப்பில் இறங்குங்கள். அங்கிருந்து கடற்கரை ஏறக்குறைய 800 மீட்டர்தான். வழி முழுக்க ஓக் மர நிழல். கிளைகள் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து வளைந்திருக்கும். அவற்றிலிருந்து சாம்பல் நிறத்தில் தாடிபோலத் தொங்குவதை ஸ்பானிஷ் பாசி என்கிறார்கள். உண்மையில் அது பாசியே அல்ல, அன்னாசிக் குடும்பத்துச் செடி. கடலை நெருங்கும்போது மரங்களின் உச்சியைக் கவனியுங்கள். உப்புக் காற்று கடல் பக்கத்துத் துளிர்களைக் கருக்கிவிடுவதால், காடே கத்தரித்து விட்டதுபோல ஒரே சரிவாக நிற்கும். மரப்பலகை நடைபாதையில் மணல்மேடுகளைக் கடந்தால் கடல். நடைபாதையை விட்டு மணல்மேட்டில் ஏற மகளை அனுமதிக்காதீர்கள். புயலலையைத் தான் வாங்கிக்கொண்டு பின்னாலுள்ள நிலத்தைக் காக்கும் தடுப்புத் தீவு இது. அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பவை அங்கே முளைத்திருக்கும் புற்களின் வேர்கள், மிதிபட்டால் பட்டுப்போகும்.

இரண்டு மணி நேரம் கடற்கரையில் இருந்துவிட்டு, வந்த வழியே நிழலுக்குத் திரும்பிச் சாப்பிடுங்கள். பிறகு தெம்பு இருந்தால் ஆற்றோரப் பாதை வழியாகத் தெற்கே நடக்கலாம். ஒன்றேகால் கிலோமீட்டர் போல வரும், சமதளம், நிழலும் உண்டு. முடிவில் டன்ஜனெஸ் துறை; அங்கிருந்து இன்னும் சற்று நடந்தால் இடிந்த டன்ஜனெஸ் மாளிகை. எஃகு வணிகத்தில் பெயர்பெற்ற ஆண்ட்ரூ கார்னெகியின் தம்பி தாமஸ் 1884இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1959இல் எரிந்துபோய், இப்போது சுவர்களும் புகைபோக்கிகளும்தான் நிற்கின்றன. அந்தப் புல்வெளியில் பெரும்பாலும் குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் திரும்பும் படகு டன்ஜனெஸ் துறையிலும் ஆளேற்றுகிறதா என்று காலையிலேயே ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றினால், திரும்பி நடக்கும் வேலை மிச்சம்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்ற பட்டியல். ஜார்ஜியா கரையில் கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு சுமார் 2 மீட்டர். கடல் உள்வாங்கியிருக்கும்போது கரை அகன்று, ஈர மணல் இறுகி, முழங்கால் வலி உள்ளவர்களும் நடக்கும்படி இருக்கும். நீர் ஏறிவிட்டால் மிஞ்சுவது கால் புதையும் மணல் மட்டுமே. நண்பகலை ஒட்டி நீர் வற்றும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுத்தால் அம்மாவுக்குப் பாதிச் சிரமம் குறையும். கடலில் இறங்குவதானால் முழங்கால் அளவோடு நிறுத்துங்கள். அங்கே உயிர்காப்பாளர்கள் இல்லை.

கடை இல்லை என்பது முழு உண்மை. 1960களின் இறுதியில் இந்தத் தீவில் குடியிருப்புகளும் சொகுசு வசதிகளும் கட்டும் திட்டம் ஒன்று கிளம்பியது. அதை எதிர்த்தவர்களின் முயற்சியால் 1972இல் தீவு தேசியக் கடற்கரைப் பூங்காவாக ஆனது. இன்று அந்த வெறுமையைப் பார்க்கத்தான் போகிறோம் என்பதால், அதற்குரிய சுமையை நாம்தான் தூக்க வேண்டும். புளியோதரை, சப்பாத்தி போன்றவை வெயிலைத் தாங்கும்; தயிர்சாதம் என்றால் ஐஸ் வைத்த பெட்டியில் எடுங்கள். குடிநீரும் கழிப்பறையும் துறைகளின் அருகே உண்டு, கடற்கரையில் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். அப்பா அம்மாவின் மாத்திரைகளை மாலை வேளைக்கும் சேர்த்து எடுங்கள். குப்பைத் தொட்டி கிடையாது, எல்லாம் உங்களோடு திரும்ப வேண்டும். இறுக்கிக் கட்டக்கூடிய இரண்டு பைகள் போதும். சாப்பாட்டுப் பையைத் தனியே விட்டுவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள். ரக்கூன்கள் கைதேர்ந்த திருடர்கள், ஜிப்பைத் திறப்பதுகூட அவற்றுக்குப் பெரிதல்ல.

குதிரைகள் பார்க்கச் சாதுவாக இருந்தாலும் அவை யாரும் வளர்ப்பவை அல்ல. உதைக்கும், கடிக்கும். 50 அடியாவது தள்ளி நின்று படமெடுங்கள். மகளை மகிழ்விக்க வேறொன்று இருக்கிறது: தீவின் மண்சாலையில் குனிந்து தேடினால் கறுத்துப்போன சுறாப் பற்கள் கிடைக்கும். கடற்கால்வாயைத் தூர்வாரிய மண்ணைச் சாலையில் கொட்டியதால் வந்து சேர்ந்த தொல்லெச்சங்கள் அவை. சுறாப் பற்களையும் உயிரில்லாத சிப்பிகளையும் எடுத்துவர அனுமதி உண்டு, வேறெதையும் எடுக்கக்கூடாது.

தீவின் வடக்கே, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் 1893இல் நிறுவிய சிறு தேவாலயம் இருக்கிறது. 1996இல் ஜான் கென்னடியின் மகன் திருமணம் செய்துகொண்டது அங்கேதான். முன்பதிவு செய்தால் வேனில் அழைத்துப் போகிறார்கள். ஆனால் குண்டும் குழியுமான பாதையில் ஐந்தாறு மணி நேரம். உங்கள் குடும்பத்துக்கு இந்த முறை வேண்டாம் என்பேன்.

படகுக் கட்டணம் வேறு, பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு. மூத்த குடிமக்களுக்கான சலுகை பாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. விசாவில் வந்திருக்கும் பெற்றோருக்குக் கிடைக்காது. உண்ணிகள் நிறைய இருப்பதால் எல்லோரும் முழுக்கால் சட்டை அணிந்து, அதன் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அம்மா சேலைதான் கட்டுவார் என்றால் உள்ளே லெகிங்ஸ் போடச் சொல்லுங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் பார்த்துவிட வேண்டும்.

மாலைக் கடைசிப் படகைத் தவறவிட்டால் தனிப்படகு அமர்த்துவதைத் தவிர வழியில்லை, செலவும் அதிகம். ஆகவே முந்தைய படகான பிற்பகல் 2:45 மணிப் படகில் திரும்புங்கள். பெரியவர்களுக்கு அதுவரை போதும். நேரங்கள் பருவத்துக்கேற்ப மாறும். குளிர்காலத்தில் சில நாட்கள் படகே ஓடாது. வசந்த கால வார இறுதி டிக்கெட்டுகள் வெகு முன்பே தீர்ந்துவிடும் என்பதால், ஊர் திரும்பும் தேதியைப் பார்த்து வாரநாள் ஒன்றை இப்போதே பதிவு செய்யுங்கள்.